பெரிய கோப்புகளை நெட்வொர்க்கில் நகலெடுக்கும்போது ராம் நிரம்பிக் கணினி உறைவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: 16 ஜிபி ராம் உள்ள உபுண்டு கணினி. நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருக்கும் 300 ஜிபி வீடியோக்களை ஜிகாபிட் லேன் வழியாக எடுத்து யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில் போட வேண்டும். தொடக்கத்தில் நொடிக்கு 110 எம்பி வேகம். கொஞ்ச நேரத்தில் ராம் முழுக்க நிரம்புகிறது, வேகம் படுத்துவிடுகிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது, பிரவுசர் நிமிடக்கணக்கில் அசைவதில்லை. சில சமயம் 100 சதவீதம் காட்டிய பிறகும் நகலெடுப்பு முடியாமல் தொங்குகிறது. இது மெமரி லீக்கா (எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராத கோளாறா)? ராம் கூட்டினால் தீருமா?

பெரும்பாலும் லீக் இல்லை. ராம் கூட்டினால் உறைவு இன்னும் நீளக்கூட வாய்ப்பு உண்டு. காரணத்தைப் புரிந்துகொண்டால் எங்கே கைவைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஏரியில் வரத்துக் கால்வாய் பெரிதாகவும் மதகு சிறிதாகவும் இருந்தால் நீர்மட்டம் ஏறத்தான் செய்யும். இங்கே வரத்து லேன், நொடிக்கு 110 எம்பி. மதகு யுஎஸ்பி டிஸ்க், நொடிக்கு 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஏரி உங்கள் ராம். நகலெடுக்கும் நிரல் 'எழுதிவிட்டேன்' என்று நினைக்கும் தரவு உண்மையில் டிஸ்குக்குப் போகவில்லை. கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், பேஜ் கேஷில் (கோப்புத் தரவை ராமில் வைக்கும் இடம்) எழுதக் காத்திருக்கிறது. இப்படிக் காத்திருப்பவற்றை டர்ட்டி பக்கங்கள் என்கிறோம்.

இவை எவ்வளவு சேரலாம் என்பதற்கு லினக்ஸ் இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோ கெர்னலில் இயல்பாக 10 சதவீதம். அதைத் தொட்டதும் பின்னணியில் டிஸ்குக்கு எழுதத் தொடங்கும். டர்ட்டி_ரேஷியோ 20 சதவீதம். அதை நெருங்கும்போது எழுதும் நிரலையே பிடித்து நிறுத்தி வைக்கும். இந்தச் சதவீதம் மொத்த ராமுக்கு அல்ல, காலியாகவும் எளிதில் மீட்கக்கூடியதாகவும் உள்ள நினைவகத்துக்கு. உங்கள் கணினியில் அது 12 ஜிபி என்றால் வரம்புகள் 1.2 ஜிபி, 2.4 ஜிபி. இரண்டுக்கும் நடுவே, அதாவது 1.8 ஜிபியைத் தாண்டியதுமே, வேகக்கட்டுப்பாடு ஆரம்பித்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 30 எம்பி எழுதும் டிஸ்க் 2.4 ஜிபியைக் கரைக்க 80 நொடி ஆகும். ராமை 64 ஜிபியாக்கினால் வரம்பு 12 ஜிபிக்குப் பக்கத்தில் போகும். கரைக்க ஆறேழு நிமிடம். 'ராம் கூட்டினால் மோசமாகலாம்' என்று சொன்னது இதனால்தான். சதவீதக் கணக்கு, ராம் மெகாபைட்டுகளில் இருந்த காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

நகலெடுப்பு மெதுவாவது சரி, பிரவுசர் ஏன் உறைய வேண்டும்? பிரவுசர், மெயில், அரட்டைச் செயலி எல்லாமே தங்கள் தரவுத்தளத்தை அடிக்கடி எஃப்சிங்க் செய்கின்றன, அதாவது 'டிஸ்கில் பதிந்தது உறுதியானால்தான் நகர்வேன்' என்று நிற்கின்றன. நகலெடுப்பும் ஹோம் அடைவும் ஒரே டிஸ்கில் இருந்தால் அந்தச் சின்ன எழுத்து பெரிய வரிசையின் வாலில் மாட்டும். வேறு வேறு டிஸ்க் என்றாலும் டர்ட்டி வரம்பு கணினி முழுமைக்கும் பொது. ஒவ்வொரு டிஸ்குக்கும் அதன் எழுதும் வேகத்துக்கேற்ப பங்கு பிரித்துக் கொடுக்கத்தான் கெர்னல் முயல்கிறது. ஆனால் மற்ற டிஸ்குகளில் எழுத்து நடக்காத நேரத்தில் மெதுவான டிஸ்கே கிட்டத்தட்ட முழுப் பங்கையும் வாங்கிக்கொள்ளும். பிறகு பிரவுசர் எழுத வரும்போது வரம்பு ஏற்கனவே நிறைந்திருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் நகலெடுப்பை ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பை வாட்ச் கட்டளையால் நொடிக்கொருமுறை பாருங்கள். அதில் ஐம்பதுக்கு மேல் வரிகள் உண்டு. நமக்கு வேண்டியவை மெம்அவைலபிள், டர்ட்டி, ரைட்பேக், அனான்பேஜஸ், எஸ்எச்மெம், எஸ்அன்ரிக்ளைம் என்ற ஆறு.

ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' நெடுவரிசை 200 எம்பிக்கு இறங்கிவிட்டது என்று பதற வேண்டாம். கேஷ் நிரம்புவது இயல்பு. தேவைப்படும்போது கெர்னல் அதை விடுவிக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' நெடுவரிசை. அது 8, 9 ஜிபியில் நின்றுகொண்டு டர்ட்டி மட்டும் 2 ஜிபிக்கு மேல் ஆடினால், மேலே சொன்ன கதைதான். அவைலபிளும் சேர்ந்து இறங்கினால் உண்மையிலேயே யாரோ நினைவகத்தைத் தின்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

உறைவது ராமாலா டிஸ்காலா என்று ஒரே பார்வையில் பிரிக்க இன்னொரு வழி உண்டு. கெர்னல் 4.20 முதல் /ப்ராக்/பிரஷர் என்ற அடைவு இருக்கிறது. அதில் மெமரி, ஐஓ என்று தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் 'ஃபுல்' என்று தொடங்கும் வரியில் ஏவிஜி10 என்ற எண் இருக்கும். கடந்த 10 நொடியில் எத்தனை சதவீத நேரம் வேலை மொத்தமாக முடங்கிக் கிடந்தது என்பதை அது சொல்லும். ஐஓ கோப்பில் 70, மெமரி கோப்பில் 0.00 என்றால் ராமின் மீது பழிபோட ஒன்றுமில்லை. இரண்டுமே உயரமாக, விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ நெடுவரிசைகளும் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்வாப்பில் (ராம் போதாதபோது நினைவகத்தை டிஸ்குக்கு மாற்றி வைக்கும் இடம்) அல்லாடுகிறது என்று பொருள்.

அடுத்து குழாயைத் துண்டு துண்டாகச் சோதியுங்கள். நெட்வொர்க் மட்டும்: நாஸில் ஐபெர்ஃப்3 சர்வரை ஓட்டி, இங்கிருந்து ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை -ஆர் கொடுத்து எதிர்த்திசையில். ஜிகாபிட்டில் 930–940 மெகாபிட் வர வேண்டும். 94 வந்தால் கேபிளிலோ ஸ்விட்சிலோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. நாஸும் நெட்வொர்க்கும் சேர்த்து: நாஸில் உள்ள ஒரு பெரிய கோப்பை டிடி கட்டளையால் /டெவ்/நல்லுக்கு வாசியுங்கள், இதுவரை திறக்காத கோப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கேஷிலிருந்து வந்து ஏமாற்றும். டிஸ்க் மட்டும்: டிடியில் ஓஃப்ளாக்=டைரக்ட் சேர்த்து, 1 எம்பி துண்டுகளாக, குறைந்தது 60 ஜிபி எழுதிப் பாருங்கள்.

ஏன் 60 ஜிபி? முதல் 5 ஜிபியில் எல்லா டிஸ்கும் நல்ல பிள்ளைதான். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) ஹார்டு டிஸ்குகள் வரும் தரவை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வாங்கி வைத்துப் பிறகு சாவகாசமாக இடம் மாற்றும். அந்தப் பகுதி நிரம்பியதும் நொடிக்கு 150 எம்பி இருந்த வேகம் 20, 30க்கு விழும், சில நேரம் பல நொடி சுழியத்திலேயே நிற்கும். 2.5 அங்குல வெளி டிஸ்குகளில் இப்போது இந்த வகைதான் அதிகம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் என்று நம்ப வேண்டாம்: 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை விஷயம் வெளியே வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. மலிவான எஸ்எஸ்டிகளிலும் எஸ்எல்சி கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய சிறு பகுதி) தீர்ந்ததும் இதே சரிவு வரும். யுஎஸ்பி டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் டாப் கட்டளையில் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் ஒரு சிபியு கோரை முழுதாகப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் இடுக்கு டிஸ்க் அல்ல, டிரைவர்.

வரம்பைக் குறைப்பது

டிஸ்கை வேகமாக்க முடியாது. வரிசையைக் குட்டையாக்க முடியும். /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி இந்த இரண்டு வரிகளைப் போடுங்கள்:

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 67108864
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 268435456

முதலாவது 64 எம்பி, இரண்டாவது 256 எம்பி. சிஸ்சிடிஎல் --சிஸ்டம் என்று கொடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும், ரீபூட் தேவையில்லை. பைட்ஸ் அளவை வைத்ததும் அதற்கிணையான ரேஷியோ தானாக 0 ஆகிவிடும். அது பிழையல்ல, இரண்டில் ஒன்றுதான் செயலில் இருக்க முடியும்.

இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். உங்களிடம் உள்ளதிலேயே மெதுவான டிஸ்க் 5 முதல் 8 நொடியில் எவ்வளவு எழுதுமோ அதை டர்ட்டி_பைட்ஸாக வையுங்கள். பேக்கிரவுண்ட் அதில் நாலில் ஒரு பங்கு. ரொம்பக் குறைத்து 16 எம்பி என்று வைத்தால் எழுத்து துண்டு துண்டாகி, நல்ல டிஸ்கும் நொண்டும். மாற்றிய பிறகு வேகக் காட்டி 110 என்று குதிக்காது. ஆரம்பத்திலிருந்தே 30 என்று காட்டும். மொத்த நேரம் கிட்டத்தட்ட அதேதான். முன்பு காட்டியது ராமுக்குள் போன வேகம், இப்போது காட்டுவது டிஸ்குக்குள் போகும் வேகம்.

யுஎஸ்பி டிஸ்கை மட்டும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் கெர்னல் 6.2 முதல் அதற்கு வழி உண்டு. எல்எஸ்பிஎல்கே காட்டும் மேஜர்:மைனர் எண்ணை, உதாரணமாக 8:16, எடுத்துக்கொண்டு /சிஸ்/கிளாஸ்/பிடிஐ/8:16 அடைவுக்குப் போய் ஸ்ட்ரிக்ட்_லிமிட்டில் 1 எழுதி, மேக்ஸ்_பைட்ஸில் அளவை எழுதுங்கள். டிஸ்கைக் கழற்றி மாட்டினால் அழிந்துவிடும்; நிரந்தரமாக வேண்டுமானால் யுடெவ் விதி எழுத வேண்டும்.

பலரும் பரிந்துரைக்கும் இரண்டு வைத்தியங்கள் இந்த இடத்தில் பலிக்காது. ஒன்று அயோநைஸ் -சி3: டர்ட்டி பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளுவது உங்கள் நகலெடுப்பு நிரல் அல்ல, கெர்னலின் கேவொர்க்கர் இழை. நிரலின் முன்னுரிமையைக் குறைத்தாலும் கேவொர்க்கருக்கு அது தெரியாது. இன்னொன்று, டிராப்_கேஷஸில் 3 எழுதுவதை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு வைப்பது. அது சுத்தமான கேஷை மட்டுமே கழிக்கும், டர்ட்டியைத் தொடாது; பிரச்சினை டர்ட்டியில் இருக்க, பயனுள்ள கேஷை மட்டும் இழந்து நிற்பீர்கள். ஒரு சோதனைக்கு முன் ஒருமுறை செய்யலாம், அவ்வளவே.

பலிக்கும் இன்னொரு வழி, ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கட்டளையின் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் --பிடபிள்யூலிமிட். டிஸ்கின் நீடித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே, 25எம் என்று வைத்தால் வரிசையே சேராது. ஒரே ஒரு தடவை நகலெடுக்க வேண்டியிருக்கும்போது கெர்னல் அமைப்பைத் தொடாமல் இதோடு முடித்துக்கொள்வதுதான் எளிது.

நாஸுக்கு எழுதும்போது

திசை மாறினால் குணமும் மாறும். நாஸை என்எஃப்எஸ் (லினக்ஸில் வழக்கமான நெட்வொர்க் கோப்பு முறை) வழியாக மவுண்ட் செய்திருந்தால், அதன் விதிப்படி ஒரு கோப்பை மூடும்போது மிச்சமுள்ள தரவு முழுவதும் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் 100 சதவீதத்தில் தொங்குவது பிழையல்ல. கடைசியாக ராமில் நின்ற ஒன்றிரண்டு ஜிபி கம்பியில் போய்க்கொண்டிருக்கிறது. டர்ட்டி எண் இறங்கிக்கொண்டே இருந்தால் பொறுத்திருங்கள். கேன்சல் அழுத்தினால் அந்தக் கோப்பு அரைகுறையாக நிற்கும்.

வேகம் 10 நொடி 110, அடுத்த 5 நொடி 0 என்று ரம்பப்பல் போல ஏறி இறங்கினால் குற்றம் நாஸ் பக்கம். அங்கும் ஒரு லினக்ஸ், அங்கும் ஒரு டர்ட்டி வரம்பு, பெரும்பாலும் 1 அல்லது 2 ஜிபி ராம். எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஐயோஸ்டாட் -எக்ஸ் 1 ஓட்டி, எந்த டிஸ்கின் டபிள்யூ_அவெய்ட் மட்டும் மற்றவற்றை விடப் பல மடங்கு இருக்கிறது என்று பாருங்கள். ரெய்டில் (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) ஒரு டிஸ்க் சாகத் தொடங்கினால் மொத்த ரெய்டும் அதன் வேகத்துக்கு இறங்கும். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலொகேட்டட், பெண்டிங் செக்டர் எண்ணிக்கை 0 இல்லையென்றால் அமைப்புகளை நோண்டுவதை நிறுத்திவிட்டு முதலில் பேக்அப் எடுங்கள்.

என்எஃப்எஸ் மவுண்ட் இயல்பாக 'ஹார்டு'. சர்வர் பதில் தராவிட்டால் நிரல் காலவரையின்றிக் காத்திருக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று வரும். அந்த நேரத்தில் டிஎஃப் அடித்தால் அதுவும் தொங்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் பேனல் விட்ஜெட் இருந்தால் அதோடு சேர்ந்து பேனலே உறையும். கணினி மொத்தமாகச் செத்துவிட்டது போலத் தோன்றுவதற்கு இது அடிக்கடி காரணம். டிஎஃப் -எல் என்று உள்ளூர் டிஸ்குகளை மட்டும் கேளுங்கள். இதற்குப் பயந்து 'சாஃப்ட்' மவுண்டுக்கு மாறுபவர்கள் உண்டு. வாசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. எழுதும் மவுண்டில் வேண்டாம்: நேரம் கடந்ததும் பிழை திரும்பும், அதைக் கவனிக்காத நிரல் ஓட்டை விழுந்த கோப்பை விட்டுவிட்டுப் போகும்.

உண்மையாகவே நினைவகம் வளர்கிறதென்றால்

மெம்அவைலபிள் சரிந்துகொண்டே போனால் மற்ற வரிகள் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எஸ்எச்மெம் ஏறினால் டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ராமிலேயே இருக்கும் கோப்பு முறை. ஃபெடோராவில் /டிஎம்பி வெகுகாலமாகவே ராமில்தான். டெபியனும் 13-ஆம் பதிப்பில் அதற்கு மாறிவிட்டது. ஏதோ ஒரு நிரல் 10 ஜிபி தற்காலிகக் கோப்பை அங்கே எழுதினால் அது நேராக ராமில் உட்காரும். ஃப்ரீ கட்டளை இதைக் கேஷ் கணக்கில் சேர்த்துக் காட்டுவதுதான் பெரிய ஏமாற்று. ஸ்வாப்புக்குத் தள்ளலாமே தவிர மற்ற கேஷ் போல விடுவிக்க முடியாது. நிரலின் தற்காலிக அடைவை /வார்/டிஎம்பிக்கு மாற்றுங்கள். ஆர்க்குளோன் மவுண்டின் கேஷ் அடைவு டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருந்தாலும் இதே கதி.

அனான்பேஜஸ் ஏறினால் ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்). பிட்ஸ்டாட் -ஆர் 5 ஓட்டி எதன் ஆர்எஸ்எஸ் (ராமில் அது பிடித்திருக்கும் அளவு) ஏறுகிறது என்று பாருங்கள். கோப்பு மேலாளரில் எஸ்எம்பி (விண்டோஸ் பாணி நெட்வொர்க் பகிர்வு) முகவரி அடித்துத் திறந்திருந்தால் வேலை ஜிவிஎஃப்எஸ்டி-எஸ்எம்பி என்ற புராசஸ் வழியாக நடக்கும். அது வீங்கினால் அதைத் தவிர்த்து எஸ்எம்பியை மவுண்ட் கட்டளையால் கெர்னலின் சிஃப்ஸ் டிரைவரில் ஏற்றி ஆர்சிங்கை ஓட்டுங்கள். ஆர்சிங்கே வீங்குகிறதா? கோடிக்கணக்கான சிறு கோப்புகளில் --டிலீட்-பிஃபோர், --டிலீட்-ஆஃப்டர் போன்ற தெரிவுகளைப் போட்டிருந்தால் முழுப் பட்டியலையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கும். --டிலீட்-டியூரிங்குக்கு மாறுங்கள் அல்லது அடைவு வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள்.

சொந்தமாக எழுதிய நிரல் என்றால் நான் முதலில் தேடுவது முழுக் கோப்பையும் ஒரே மாறியில் வாங்கும் வரியை. பைத்தான் ரிக்வெஸ்ட்ஸில் .கன்டென்ட் என்று எடுத்தால் 20 ஜிபி கோப்பு 20 ஜிபி ராம் கேட்கும்; ஸ்ட்ரீம்=ட்ரூ கொடுத்து ஐட்டர்_கன்டென்ட்டில் 1 எம்பி துண்டுகளாக எடுக்க வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸில் ரைட்() 'ஃபால்ஸ்' திருப்பினால் 'நிறுத்து' என்று பொருள். அதை மதிக்காமல் தொடர்ந்து எழுதினால் மிச்சமெல்லாம் ராமில் சேரும். பைப்லைன்() இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே வரிசை வைத்திருந்தால் அதற்கு உச்ச அளவு கொடுங்கள்.

எஸ்அன்ரிக்ளைம் (கெர்னல் தனக்கென எடுத்த, மீட்க முடியாத நினைவகம்) மட்டும் மணிக்கணக்கில் ஏறி, நகலெடுப்பை நிறுத்திய பிறகும் இறங்காமல் நின்றால் கெர்னலுக்குள் லீக். பெரும்பாலும் நெட்வொர்க் டிரைவர். ஸ்லாப்டாப் -எஸ் சி எந்தத் தொகுப்பு என்று சொல்லும். டென்ட்ரி, எக்ஸ்டி4_ஐநோடு_கேஷ் போன்றவை பெரிதாகத் தெரிந்தால் அவை மீட்கக்கூடியவை, விட்டுவிடலாம். சந்தேகம் டிரைவர் மீது என்றால் வேறு சிப் உள்ள யுஎஸ்பி லேன் அடாப்டரை மாட்டி அதே நகலெடுப்பை ஓட்டுவதுதான் மலிவான சோதனை. இசட்எஃப்எஸ் கோப்பு முறை இருந்தால் ஒரு விதிவிலக்கு: அதன் சொந்தக் கேஷான ஏஆர்சி, ஃப்ரீ கட்டளையில் கேஷாகத் தெரியாமல் 'யூஸ்டு' கணக்கில் தெரியும். லீக் என்று கத்துவதற்கு முன் ஏஆர்சிஸ்டாட்டைப் பாருங்கள். உச்சவரம்பை இசட்எஃப்எஸ்_ஏஆர்சி_மேக்ஸில் வைக்கலாம்.

விண்டோஸில் இதே தொல்லை என்றால் சிஸ்இன்டர்னல்ஸின் ராம்மேப்பைத் திறங்கள். ஸ்டாண்ட்பை பெரிதாக இருப்பது தவறல்ல. மாடிஃபைடு பெரிதாக இருந்தால் எழுதக் காத்திருக்கும் தரவு. பெரிய கோப்புகளுக்கு ரோபோகாப்பியில் /ஜே சேர்த்தால் கேஷைத் தவிர்த்து எழுதும். சிறு கோப்புகளுக்கு அதைப் போட வேண்டாம், மெதுவாகும். டாஸ்க் மேனேஜரில் நான்-பேஜ்டு பூல் பல ஜிபி ஆனால் டிரைவர் லீக். பூல்மான் காட்டும் நான்கெழுத்து டேக்கை வைத்து ஆளைப் பிடிக்கலாம்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால், உறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே படம் பிடிக்க வேண்டும். இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் ரூட்டாக முன்கூட்டியே நுழைந்து வைத்திருங்கள். உறைந்த பிறகு லாகின் ஆவதே கஷ்டம். உறைந்ததும் /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிகரில் டபிள்யூ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தை எழுதுங்கள். முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு புராசஸும் கெர்னலுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது டிமெசேஜில் கொட்டும். அதில் பேலன்ஸ்_டர்ட்டி_பேஜஸ் தெரிந்தால் டர்ட்டி வரம்பு. ஆர்பிசி_வெய்ட்_பிட் என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் என்எஃப்எஸ் சர்வர் அல்லது நெட்வொர்க். ஜேபிடி2_லாக்_வெய்ட்_கமிட் என்றால் எக்ஸ்டி4 ஜர்னல் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது. அப்போது டர்ட்டி எண் சிறிதாக இருந்தும் உறைந்தால், அந்த டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் கேபிளையும் பாருங்கள்.